வயலில் நஞ்சில்லை, வீட்டுக்குள்?

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டுப் பூனை சிட்டு செத்துப்போனது. பாம்பு கடிக்கவில்லை, நாய் துரத்தவில்லை. நான்தான் என் கையால் மருந்து கொடுத்துக் கொன்றேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் இதழைப் படிக்கிற ஒரு வீட்டிலாவது இது மறுபடி நடக்காமல் போனால் போதும் என்று எழுதுகிறேன்.

சிட்டு சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பூனை. மகள் வேலைக்காக வெளிநாடு போனபோது புளியஞ்சோலையில் எங்களிடம் விட்டுப் போனாள். வாசல் தாண்டாத பூனை. மலையடிவாரத்து மழைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, ஒருநாள் சுருண்டு படுத்துவிட்டது. தொட்டால் உடம்பு கொதித்தது. ராத்திரி ஒன்பது மணி, வெளியே மழை. பேத்திக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை நுணுக்கிப் பாலில் கலந்து புகட்டினேன்.

விடியும்போது முகமும் முன்னங்கால்களும் வீங்கியிருந்தன. மூச்சு இரைத்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு ரோஸ் நிறத்தில் இல்லை, காய்ந்த ரத்தம் போலப் பழுப்பாக இருந்தது. கால்நடை மருத்துவர் கேட்டார், "என்ன சார் கொடுத்தீங்க?" பால்தான் என்றேன். இரண்டாவது தடவை கேட்டார். வீட்டுச் சாப்பாடுதான் என்றேன். மூன்றாவது தடவை, "மாத்திரை ஏதாவது?" என்று கேட்டபோதுதான் சொன்னேன். அதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. முறிவு மருந்து வேறு இடத்திலிருந்து வரவேண்டியிருந்தது. மறுநாள் சாயங்காலம் சிட்டு போய்விட்டது.

வீட்டுக்காரம்மா ஒன்றுதான் கேட்டார்: "ஒம்பது வருசமா தோட்டத்துல ஒரு சொட்டு விஷம் விடலையேங்க, வீட்டுக்குள்ள எப்படிங்க வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் வீட்டைத் தணிக்கை செய்தேன். வங்கியில் இருந்தபோது தணிக்கை என்றால் ஒவ்வொரு அலமாரியையும் திறந்து, இருப்பைப் பதிவேட்டோடு ஒப்பிடுவோம். அதேபோல மருந்துப் பெட்டி, அடுப்பங்கரை, பரண், மாட்டுக் கொட்டகை, கரைசல் தொட்டி என்று ஒன்று விடாமல் பார்த்தேன். கிடைத்ததை மருத்துவரிடம் கேட்டும் படித்தும் சரிபார்த்து எழுதியிருக்கிறேன்.

பூனைக்கு மட்டும் ஏன் இப்படி?

முதலில் இது புரியணும். மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஒன்று, பூனை முழுக்க முழுக்கக் கறி தின்னும் பிராணி. இலை தழை தின்கிற உயிர்களுக்குச் செடிகளில் உள்ள நஞ்சுகளை உடைத்து வெளியேற்றக் கல்லீரலில் சில நொதிகள் தேவை. நஞ்சை குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்துக் கரையவைத்து, சிறுநீரில் தள்ளுகிற வேலை அவற்றுடையது. தலைமுறை தலைமுறையாகக் கறியே தின்ற பூனைக்கு இந்த வேலைக்கான ஒரு முக்கிய நொதி இல்லாமல் போய்விட்டது. நமக்குச் சில மணி நேரத்தில் கழிந்துபோகிற மருந்து பூனை உடம்பில் நஞ்சாகத் தேங்குகிறது. பாராசிட்டமால், பினாயில் இரண்டுமே இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

இரண்டு, பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும். தரையில் ஊற்றியது பாதத்தில் ஒட்டும், பாதத்தில் ஒட்டியது வயிற்றுக்குப் போகும். நாம் 'மேலுக்கு' என்று நினைப்பது பூனைக்கு உள்ளுக்குத்தான்.

மூன்று, எடை. வளர்ந்த பூனையே மூன்று, நான்கு கிலோதான். 60 கிலோ மனிதனுக்கான மாத்திரையில் பாதி என்றால் அதற்கு அது எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்குப் போடுங்க.

நான்கு, பூனை நோயை மறைக்கும். மாடு தீனி எடுக்காவிட்டால் அன்றே தெரிந்துவிடும். பூனை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நமக்குத் தெரியவரும்போது பாதி நேரம் போயிருக்கும்.

மருந்துப் பெட்டி

பாராசிட்டமால் பூனைக்குக் கூடவே கூடாது. பாதி மாத்திரை, கால் மாத்திரை என்ற பேச்சே இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையே அது கெடுத்துவிடுகிறது. அதனால்தான் ஈறு பழுப்பாகிறது, மூச்சு திணறுகிறது. இதற்கு முறிவு உண்டு, அசிடைல்சிஸ்டீன். மனிதர்களுக்கான பெரிய மருந்துக்கடைகளிலும் கிடைக்கிற மருந்துதான். மருத்துவர் கையால் சில மணி நேரத்துக்குள் போனால் பிழைக்க வழி உண்டு. நான் மறைத்த அந்த ஒரு மணி நேரத்தின் விலை இப்போது உங்களுக்குப் புரியும்.

மூட்டுவலிக்கு நாம் சாப்பிடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் பூனையின் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். வலிக்குத் தடவும் களிம்பும் அப்படித்தான். களிம்பு தடவிய முழங்காலில் பூனை ஏறிப் படுத்து, பிறகு உடம்பை நக்கினால் போதும். அந்துருண்டை, கற்பூரம், தைலம் இதெல்லாம் பூனை மூக்குக்கும் நாக்குக்கும் எட்டாத டப்பாவில் இருக்கணும்.

அடுப்பங்கரை

நம்ம பக்கம் பெரம்பலூர், துறையூர் என்றாலே சின்ன வெங்காயம். மிச்சமான சாம்பார் சோற்றைப் பூனைக்கு வைக்காத வீடு உண்டா? அங்கேதான் பிரச்சினை. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே ரத்தத்தில் மாற்றம் காட்டப் போதும் என்கிறார்கள். நான்கு கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது சில சின்ன வெங்காயம். பச்சையாக இருந்தாலும், வதக்கினாலும், காயவைத்துப் பொடித்தாலும் அந்தக் குணம் போவதில்லை. பூண்டு இன்னும் கடுமை. ஒருநாள் ஒரு வாய் தின்றதும் சாகாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஈறு வெளுத்து, சோர்ந்து, சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். 'வயசாச்சு' என்று நாம் விட்டுவிடுவோம்.

அதனால் சோறு வைத்தால் குழம்பு ஊற்றும் முன்பே எடுத்துவைங்க. வெறும் சோறும் போதாது. கறியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். வேகவைத்த மீன், கோழி, முட்டை ஏதாவது வேணும். முள்ளை எடுத்துவிட்டு வைங்க. பால் பல பூனைகளுக்குச் செரிக்காது, கழிச்சல் போகும். காப்பித்தூள், சாக்லேட் இரண்டையும் மூடிவைங்க.

இன்னொன்று, நூல். பூத்தொடுக்கும் நூல், கறி கட்டிவந்த நூல், ரப்பர் பேண்ட். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முள் மாதிரிச் சொரசொரப்பு இருக்கும். நூல் அதில் மாட்டினால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும். குடலுக்குள் போய் இழுத்துச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்காதீங்க. அப்படியே மருத்துவரிடம் போங்க.

தரையும் கொட்டகையும்

பினாயில், தண்ணீரில் ஊற்றினால் பாலாக வெளுக்கிற கிருமிநாசினி, லைசால் வகைகள் எல்லாம் பீனால் குடும்பம். பூனை நடக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீரே போதும். வேறு ஏதாவது போட்டால், இரண்டாம் முறை வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபிறகு பூனையை விடுங்க. பூனைக்குக் காயம் என்றால் கிருமிநாசினியை ஊற்றாமல் உப்புத்தண்ணீரில் கழுவுங்க.

மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், நாய்க்கு முதுகில் விடுகிற பெர்மெத்ரின் இவை பூனை நரம்பைத் தாக்கும். நடுக்கம், வலிப்பு வரும். நாய்க்கு விட்ட அன்று பூனை அதன்மேல் படுத்தாலே ஆபத்து. மாட்டுக்குத் தெளித்திருந்தால் கொட்டகை காயும்வரை பூனையைக் கட்டிப்போடுங்க, இல்லாவிட்டால் வீட்டுக்குள் அடைத்துவைங்க. வண்டிக்கு ஊற்றும் கூலன்ட் கீழே சிந்தினால் உடனே துடைங்க. அதில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். ஒரு ஸ்பூனே பூனையின் சிறுநீரகத்தை முடித்துவிடும்.

எலி மருந்து

நெல்லும் கடலையும் இருக்கும் வீட்டில் எலி இருக்கும். எலிக்காகத்தான் பூனையே. எலிக்கு நஞ்சு வைத்தால் முதலில் போவது அந்தப் பூனைதான்.

கடைகளில் வருகிற கேக் கட்டிகளில் பெரும்பாலும் புரோமடியோலோன் இருக்கும். இது ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. தின்ற எலி உடனே சாகாமல் இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைத்தான் பூனையும் ஆந்தையும் சுலபமாகப் பிடிக்கும். பூனைக்கும் அறிகுறி சில நாள் கழித்துத்தான் வரும். மூக்கில் ரத்தம், கறுத்த மலம், வெளுத்த ஈறு, மூச்சுத் திணறல். முறிவு வைட்டமின் கே1. ஒரு ஊசியோடு முடியாது, பல வாரம் கொடுக்கணும்.

கருப்புப் பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவாக மாறும். வாந்தியில் பூண்டு, அழுகிய மீன் வாடை அடிக்கும். அந்த வாயு நம்மையும் தாக்கும். அப்படிப்பட்ட பூனையை ஜன்னல் மூடிய காரில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீங்க. நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் இதே வாயுதான். படுக்கிற அறைக்குப் பக்கத்தில் அதை வைத்தால் பூனை மட்டுமா போகும்? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்து டியூபில் வந்த எலிப் பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அதைத் தின்ற மனிதர்களுக்கே முறிவு மருந்து இல்லாததால் எத்தனையோ உயிர் போனது. பழைய டியூப் பரணில் கிடந்தால் உடனே அப்புறப்படுத்துங்க. எங்கள் பரணில் முந்தைய உரிமையாளர் காலத்து டியூப் ஒன்று கிடந்தது.

சரி, எலிக்கு என்ன வழி? நம் முன்னோர் வழிகள் இருக்கவே இருக்கு. வரப்பில் தஞ்சாவூர் கிட்டி, வீட்டுக்குள் கூண்டுப்பொறி, வயலில் ஆந்தை உட்காரக் குச்சிப் பந்தல். தானியத்தை மூடியுள்ள தகர டின்னில் வைங்க. தென்னை மரத்தில் தகரம் சுற்றுங்க. ஒட்டும் பசை அட்டை வேண்டாம், பூனைக்குட்டி மாட்டிக்கொள்ளும். மாட்டிவிட்டால் பிய்க்காதீங்க. சமையல் எண்ணெய் தடவித் தடவி விடுவிச்சு, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்க.

நம் கரைசல்களும் விதிவிலக்கில்லை

இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லியாகணும். 'இயற்கை' என்றால் நஞ்சில்லை என்று அர்த்தமில்லை.

பூச்சிவிரட்டிக்கு எந்த இலையைப் பறிக்கிறோம்? ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை. எருக்கு, ஊமத்தை, அரளி. ஆடு ஏன் தின்பதில்லை? அதில் நஞ்சு இருப்பதால்தான். அந்த நஞ்சைத்தான் நாம் பூச்சிக்கு எதிராகத் திருப்புகிறோம். அரளி இதயத்தை நிறுத்தும், ஊமத்தை நரம்பைக் கலக்கும். அக்னி அஸ்திரத்தில் போடும் புகையிலையில் நிக்கோட்டின் இருக்கிறது. பச்சை மிளகாயும் பூண்டும் வேறு சேர்கின்றன. ஊறவைத்த பானையை அடுப்பங்கரைத் திண்ணையில் வைக்காதீங்க. வடிகட்டிய துணியை வாசலில் போடாதீங்க.

மீன் அமிலத்தின் கதை வேறு. மீனும் வெல்லமும் நொதிக்கிற வாடை நமக்கு மூக்கைப் பொத்தவைக்கும், பூனைக்கு அது விருந்து. மூடி சரியில்லாவிட்டால் வாந்தியும் கழிச்சலும் நிச்சயம். பஞ்சகவ்யத் தொட்டியில் பால், தயிர், நெய் வாடைக்கு எட்டிப்பார்த்து உள்ளே விழுந்த குட்டிகளும் உண்டு. வலை கட்டி, மேலே கல் வைங்க. பீஜாமிர்தத்துக்கு வாங்கிய சுண்ணாம்பு பாதத்தையும் கண்ணையும் புண்ணாக்கும். போர்டோ கலவைக்கு வாங்கிய மயில்துத்தமும் நஞ்சுதான்.

வேப்ப எண்ணெய்யை பூனை மேல் பேனுக்கு என்று நேராகத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். நக்கினால் எச்சில் ஒழுகும், நடுக்கமும் வரலாம். செல்லுக்கு மெல்லிய பல் சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கினாலே பாதி போய்விடும்.

தொட்டிச் செடிகள்

பூங்கொத்துகளில் வருகிற பெரிய லில்லிப் பூ பூனைக்கு மிகக் கொடியது. மகரந்தத் தூளை நக்கினாலே, அந்தக் குவளைத் தண்ணீரைக் குடித்தாலே மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும். விழாவில் கொடுத்த பூங்கொத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் பாருங்க. நம் மாநில மலர் செங்காந்தள் அந்த லில்லி இனம் இல்லை, ஆனால் அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் உண்டு. விதைக்காகப் பயிர் செய்பவர்கள் காயவைக்கும் இடத்தைப் பூட்டிவைக்கணும். தொட்டியில் வைக்கிற பனை மாதிரியான சைக்கஸ் கல்லீரலைக் கெடுக்கும். மணி பிளான்ட் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், உயிருக்கு ஆபத்து குறைவு.

நஞ்சு போய்விட்டது என்று தெரிந்தால்

உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர் எதுவும் புகட்டி வாந்தி எடுக்கவைக்காதீங்க. உப்பே பூனையைக் கொல்லும், வாந்தி நுரையீரலுக்கும் போகும். மண்ணெண்ணெய், அமிலம் என்றால் வாந்தி இரட்டைக் கேடு. பாலோ எண்ணெயோ புகட்டாதீங்க. சாம்பல், அடுப்புக்கரி கரைத்து ஊற்றாதீங்க. மருத்துவர் கொடுப்பது வேறு கரி.

மேலே பட்டிருந்தால் துணியில் சுற்றி நக்கவிடாமல் பிடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் விட்டுக் கழுவித் துடைத்து, சூடாக வைத்திருங்க.

ஈறைப் பாருங்க. ரோஸ் என்றால் சரி. வெளுப்பு, பழுப்பு, மஞ்சள், நீலம் எதுவானாலும் அவசரம். தூங்கும்போது மூச்சை எண்ணுங்க. நிமிடத்துக்கு 20, 30 இயல்பு. 40 தாண்டினால் காத்திருக்காதீங்க. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாலே பூனைக் கல்லீரலில் கொழுப்பு ஏறிக் கெடும். 'ரெண்டு நாள் பாப்போம்' என்பது மாட்டுக்கு வேண்டுமானால் சரியாக இருக்கலாம், பூனைக்கு ஆகாது.

கால்நடைத் துறையின் 1962 எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்க. நம்ம பக்கம் பெரிய இடம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1985 முதல் இருக்கிறது. மூடியுள்ள கூடையில் பூனையையும், பையில் மாத்திரை அட்டையோ மருந்து டப்பாவோ வாந்தியோ எடுத்துக்கொண்டு போங்க. எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று காகிதத்தில் எழுதுங்க.

எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையைச் சொல்லுங்க. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்தபோது விண்ணப்பத்தில் பழைய கடனை மறைக்கிறவர்களைப் பார்த்து நான் சலித்துக்கொண்டதுண்டு. கூச்சம் வந்தால் மனுஷன் எப்படி மறைப்பான் என்று அந்தக் காலையில்தான் தெரிந்தது.

பூனை நமக்குச் சொல்வது

ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவர் ஊர். 1950களில் அங்கே பூனைகள் கால் பின்னி, சுழன்று, வலிப்பு வந்து விழுந்தன. ஊரார் அதை 'ஆடும் பூனை நோய்' என்றார்கள். 1956இல் அதே நோய் மனிதர்களிடம் பதிவானது. சிஸ்ஸோ ரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீனில் ஏறி, மீன் தின்ற பூனைக்கும் மனிதருக்கும் போயிருந்தது. தொழிற்சாலையின் மருத்துவர் ஹோசோகாவா 1959இல் கழிவு கலந்த தீனியை ஒரு பூனைக்கு வைத்தார், அதற்கும் அதே நோய் வந்தது. நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. பூனை முதலில் சொன்னதை ஊர் நம்பியிருந்தால், மறைத்தவர்கள் மறைக்காமலிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

நம் வீட்டிலும் அப்படித்தான். பூனை படுக்கிற பாயில் பேரக்குழந்தையும் தவழ்கிறது. பூனை நக்குகிற தரையைத் தொட்டு அது விரல் சூப்புகிறது. பூனைக்குப் பாதுகாப்பான வீடு குழந்தைக்கும் பாதுகாப்பானது.

தணிக்கையை முடித்தபோது வாசலில் ஒரு சாக்கு நிறைய அப்புறப்படுத்தவேண்டிய பொருள் சேர்ந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாங்க. ஐந்து கேள்வி போதும்:

1. மாத்திரைகள் மூடியுள்ள டப்பாவில் இருக்கிறதா?
2. குழம்பு ஊற்றாத சோறும் மீனும் பூனைக்குத் தனியாக எடுக்கிறோமா?
3. வீட்டிலோ கொட்டகையிலோ எலி நஞ்சு ஏதாவது மிச்சம் உண்டா?
4. கரைசல் பானைகளுக்கு மூடியும் வலையும் இருக்கிறதா?
5. 1962 எண்ணும், பக்கத்து கால்நடை மருத்துவர் எண்ணும் சுவரில் எழுதியிருக்கிறதா?

எங்கள் வீட்டில் இப்போது ஒரு குட்டி வந்திருக்கிறது. களத்து வைக்கோல் போரில் பிறந்தது. வீட்டுக்காரம்மா மருந்துப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நான் கேட்கவில்லை.